ஒரு போன் கால்... ஐம்பது தோட்டாக்கள்! - வீட்டிலேயே தோட்டா நிரப்பும் அமெரிக்கர்களின் பாதுகாப்புப் பழக்கங்கள்

அமெரிக்காவின் மொன்டானா மாநிலம். ஜனவரி மாதத்து மாலை. வெளியே பனி கொட்டுகிறது. வேட்டை சீசன் முடிந்துவிட்டது. ஓய்வுபெற்ற தாத்தா ஒருவர் கராஜில் மேஜை போட்டு உட்கார்ந்து, அடுத்த சீசனுக்கான ரைஃபிள் தோட்டாக்களைத் தானே நிரப்பிக்கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

எதிரே பல்லாங்குழிபோலக் குழிகள் போட்ட ஒரு பலகை. அதில் வாய் மேலே பார்த்தபடி 50 பித்தளை உறைகள். ஒவ்வொன்றிலும் வெடிமருந்தை அளந்து கொட்டிக்கொண்டே வருகிறார். 23-வது உறைக்கு வரும்போது போன் அடிக்கிறது. பேத்தி பேசுகிறாள். பள்ளிக்கூடக் கதையெல்லாம் கேட்டுவிட்டு, பத்து நிமிடம் கழித்துத் திரும்பி வந்து உட்காருகிறார்.

இப்போது ஒரு சின்னக் கேள்வி. 23-வது உறையில் மருந்து போட்டாயிற்றா, இல்லையா?

‘போட்ட மாதிரிதான் ஞாபகம்’ என்று வேலையைத் தொடரலாம். ஆனால், அந்த ஞாபகம் தவறாக இருந்தால், விளைவு அன்றைக்குத் தெரியாது. மாதக்கணக்கில் கழித்து, கன்னத்தை ரைஃபிளோடு ஒட்டி வைத்துக் குறிபார்க்கும்போதுதான் தெரியும். வீட்டில் தோட்டா நிரப்புபவர்களின் பாதுகாப்பு விதிகள் அத்தனையும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றியே அமைந்திருக்கின்றன.

‘ரீலோடிங்’ என்றால் என்ன?

ஒரு தோட்டாவில் நான்கு பாகங்கள் உண்டு. பித்தளை உறை, அதன் அடிப்பாகத்தில் பொத்தான்போல இருக்கும் பிரைமர், உள்ளே வெடிமருந்து, நுனியில் குண்டு. விசையை இழுத்ததும் ஊசி பிரைமரைத் தட்டும். பிரைமரில் பிறக்கும் தீப்பொறி மருந்தைக் கொளுத்தும். மருந்து எரிந்து உண்டாகும் வாயு, குண்டை வெளியே தள்ளும். மூன்று பாகங்கள் செலவாகிவிடும். பித்தளை உறை மட்டும் அப்படியே மிஞ்சும்.

70 சதவிகிதம் செம்பும் 30 சதவிகிதம் துத்தநாகமும் கலந்த அந்தப் பித்தளையைத் தூக்கியெறிய யாருக்குத்தான் மனசு வரும்? சுத்தம்செய்து, பழைய அளவுக்குக் கொண்டுவந்து, புது பிரைமர், புது மருந்து, புது குண்டு போட்டு மறுபடி பயன்படுத்துவதுதான் ரீலோடிங்.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபிறகு, கான்சாஸைச் சேர்ந்த புரூஸ் ஹாட்ஜ்டன் என்பவர் ராணுவத்தில் மிஞ்சிய வெடிமருந்தை வாங்கிப் பொதுமக்களுக்கு விற்க ஆரம்பித்தார். இந்தப் பொழுதுபோக்கு அங்கே பரவியதற்கு அதுவும் ஒரு காரணம். காசு மிச்சம், தன் ரைஃபிளுக்கு ஏற்றபடி துல்லியமாகச் செய்துகொள்ளும் வசதி என்று இன்றைக்கும் நிறைய பேர் செய்கிறார்கள். கொரோனா காலத்தில் அங்கே கடைகளில் தோட்டாக்களுக்குத் தட்டுப்பாடு வந்தபோது புதிதாகப் பலர் இதில் இறங்கினார்கள். சொந்த உபயோகத்துக்கு என்றால் அந்நாட்டுக் கூட்டாட்சிச் சட்டப்படி உற்பத்தி உரிமம் தேவையில்லை. விற்பனைத் தொழிலாகச் செய்தால் உரிமம் வேண்டும்.

நம் வாசகர்களுக்கு ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும். இந்தியாவில் கதை முற்றிலும் வேறு. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிய உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். 2019-ம் ஆண்டு திருத்தத்துக்குப் பிறகு இதற்குக் குறைந்தபட்சத் தண்டனையே 7 ஆண்டுகள் சிறை. ஆயுள் தண்டனை வரை போகலாம். துப்பாக்கி வைத்திருக்க லைசென்ஸ் இருக்கிறது என்பதால் தோட்டா தயாரிக்கலாம் என்று அர்த்தமில்லை.

கார் டயரைப்போல 1,800 மடங்கு!

ஏன் இவ்வளவு கவனம்? ஓர் ஒப்பீடு பார்க்கலாம். கார் டயருக்கு நாம் அடிக்கும் காற்று, சதுர அங்குலத்துக்குச் சுமார் 33 பவுண்டு அழுத்தம். 1906-ல் அமெரிக்க ராணுவத்தில் அறிமுகமாகி, இன்றும் வேட்டைக்காரர்கள் கையிலிருக்கும் .30-06 ரக ரைஃபிள் தோட்டாவுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம், சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு. ஏறத்தாழ 1,800 மடங்கு. அதுவும் சுடுபவரின் கண்ணிலிருந்து சாண் கணக்கில்தான் தூரம்.

இந்த மருந்தை அளக்கும் அலகு ‘கிரெயின்’. ஒரு கிரெயின் என்பது சுமார் 65 மில்லிகிராம். நம் ஊர்ப் பொற்கொல்லர்கள் அந்தக் காலத்தில் தங்கம் நிறுத்த குன்றிமணியில் ஏறக்குறைய பாதி எடை. இந்த அளவில்தான் கணக்கு என்றால், ‘குத்துமதிப்பாக’ என்ற பேச்சுக்கே இடமில்லை.

தவறு இரண்டு பக்கமும் ஆபத்து. ஒரே உறையில் இரண்டு முறை மருந்து விழுந்தால், அழுத்தம் எல்லை மீறி ரைஃபிள் சிதறலாம். மருந்தே விழாவிட்டால்? ‘ஒன்றும் ஆகாது, வெடிக்காது’ என்றுதான் தோன்றும். ஆனால், பிரைமரின் சக்தி மட்டுமே குண்டைக் கொஞ்ச தூரம் தள்ளி, குழலின் நடுவில் சிக்கவைத்துவிடும். அது தெரியாமல் அடுத்த தோட்டாவைச் சுட்டால், வழி அடைபட்ட குழல் வெடிக்கும்.

தாத்தாவின் 23-வது உறை ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்று இப்போது புரிகிறதா? சரி, அனுபவசாலிகள் என்னென்ன பழக்கங்களை வைத்திருக்கிறார்கள்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. மேஜையில் ஒரே ஒரு மருந்து டப்பா

தோட்டாவில் போடும் மருந்துகளில் பல ரகங்கள். வேகமாக எரிபவை, மெதுவாக எரிபவை. பார்த்தால் பல ரகங்கள் ஒன்றுபோலவே இருக்கும். கறுப்பு அல்லது சாம்பல் நிறத்தில் சின்னச் சின்னத் துணுக்குகள், அவ்வளவுதான். கைத்துப்பாக்கிக்கான வேகமான மருந்தை, ரைஃபிளுக்கான மெதுவான மருந்தின் அளவில் போட்டுவிட்டால் ரைஃபிள் தாங்காது.

பெயரும் ஏமாற்றும். ‘ஐ.எம்.ஆர். 4831’, ‘ஹெச் 4831’ என்று இரண்டு மருந்துகள் கடையில் கிடைக்கின்றன. எண் ஒன்றுதான். ஆனால் எரியும் வேகம் வேறு, போட வேண்டிய அளவும் வேறு. ஒன்றுக்குச் சொன்ன அளவை மற்றதற்குப் போடக் கூடாது. மெடிக்கல் ஷாப்பில் ஒரே மாதிரிப் பெயருள்ள இரண்டு மாத்திரைகள் மாறிப்போவதைப் போன்ற ஆபத்து இது.

அதனால் முதல் விதி, வேலை நடக்கும்போது மேஜையில் ஒரே ஒரு மருந்து டப்பா. மற்றவை அலமாரியில். வேலை முடிந்ததும் அளக்கும் கருவியில் மிஞ்சியதை உடனே அதே டப்பாவில் கொட்டி மூட வேண்டும். ‘நாளைக்குத்தானே தொடரப்போகிறோம்’ என்று கருவியிலேயே விட்டுவைத்தால், நாலு நாள் கழித்து அது எந்த மருந்து என்று சத்தியம் செய்ய முடியாது. எது என்று தெரியாத மருந்தைப் பயன்படுத்தவே கூடாது. அதை வீட்டுப் புல்வெளியில் மெல்லிசாகத் தூவிவிடுவது அங்கே வழக்கம். நைட்ரஜன் இருப்பதால் புல்லுக்கு உரமாகிவிடும்.

2. புத்தகத்தைத் திறக்காமல் டப்பாவைத் திறக்காதே

எந்த ரகத் தோட்டாவுக்கு, எந்த எடைக் குண்டுக்கு, எந்த மருந்து எவ்வளவு என்பதை, சோதனைச்சாலையில் அழுத்தம் அளந்து பார்த்து, கையேடுகளாக வெளியிடுகிறார்கள். அதில் தொடக்க அளவு, உச்ச அளவு என இரண்டு எண்கள் இருக்கும். புதிதாகச் செய்யும்போது தொடக்க அளவிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். நேராக உச்ச அளவுக்குப் போகக் கூடாது.

குண்டின் ரகம், பிரைமர், உறை என்று எதை மாற்றினாலும் மறுபடி கீழிருந்து தொடங்க வேண்டும். நண்பர் சொன்னார், பக்கத்து வீட்டுக்காரர் பல வருஷமாக இப்படித்தான் போடுகிறார் என்பதெல்லாம் செல்லாது. அவருடைய ரைஃபிள் வேறு, இவருடைய ரைஃபிள் வேறு.

3. ஃபேனை நிறுத்து, தராசைச் சோதி

மருந்து நிறுக்கும் தராசு ரொம்பவும் ரோஷக்காரத் தராசு. மேலே ஃபேன் ஓடினால்கூட முள் ஆடும். மின்னணுத் தராசு என்றால், போட்டவுடன் நிறுக்காமல் கொஞ்ச நேரம் நிலைக்கு வர விட வேண்டும். ஒவ்வொரு முறை உட்காரும்போதும், எடை தெரிந்த படிக்கல்லை வைத்துச் சரிபார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறார்கள். நடுநடுவேயும் அதே சோதனை. நேற்று சரியாக இருந்த தராசு, இன்றைக்கும் சரியாக இருக்கும் என்று எடுத்துக்கொள்வதில்லை.

4. ஒவ்வொரு உறையையும் கண்ணால் பார்

பித்தளை உறையும் நிரந்தரமல்ல. சுடும்போது விரிந்து, மறுபடி சுருக்கப்பட்டு, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தளர்கிறது. கழுத்தில் கீறல் இருந்தால் தூக்கிப்போட வேண்டியதுதான். அடிப்பாகத்துக்கு மேலே உள்பக்கம் பித்தளை மெலிந்து வட்டமாகப் பள்ளம் விழுந்திருந்தால், அடுத்த முறை சுடும்போது உறை இரண்டாக அறுந்துபோகலாம். வெளியிலிருந்து பார்த்தால் இது தெரியாது. அதற்கு ஒரு எளிய வழி வைத்திருக்கிறார்கள். பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியை மட்டும் வளைத்து, உள்ளே விட்டுத் தடவிப் பார்ப்பார்கள். பள்ளம் இருந்தால் நுனி அதில் தட்டும்.

மருந்து போட்ட பிறகு இன்னொரு பார்வை. பலகையில் நிற்கும் அத்தனை உறைகளுக்குள்ளும் டார்ச் அடித்து, மருந்தின் மட்டம் ஒன்றுபோல் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் குண்டைப் பொருத்துவார்கள். ரைஃபிள் தோட்டாவில் பெரும்பாலும் மருந்து உறையை முக்கால்வாசிக்கு மேல் நிறைத்துவிடும். இரண்டாம் முறை கொட்டினால் வழிந்து காட்டிக்கொடுத்துவிடும். ஆனால், மருந்து குறைவாகப் போடும் லேசான தோட்டாக்களில் அப்படி வழியாது. இரட்டை அளவும் உள்ளே ஒளிந்துகொள்ளும். ‘வழிந்தால் தெரிந்துவிடுமே’ என்று பழகியவர் ஏமாறும் இடம் இதுதான்.

5. டிவி வேண்டாம், போன் வேண்டாம், அவசரம் வேண்டாம்

மது அருந்திவிட்டு இந்த மேஜையில் உட்காரவே கூடாது. சிகரெட் பக்கத்திலேயே வரக் கூடாது. இவை இரண்டும் எல்லோருக்கும் தெரிந்தவை. அனுபவசாலிகள் அதிகம் பயப்படுவது வேறு மூன்றுக்கு. தூக்கக் கலக்கம், டிவி, பேச்சு. ‘நாளைக்கு வேட்டைக்குக் கிளம்பணும், இன்னைக்கு ராத்திரிக்குள்ள முடிக்கணும்’ என்ற அவசரத்தில் உட்காராதே என்பது புதியவர்களுக்குச் சொல்லப்படும் பாடம். அதனால்தான் சீசன் முடிந்த குளிர்காலத்தில் நிதானமாகச் செய்கிறார்கள்.

6. பிரைமரைப் பாட்டிலில் போடாதே

நான்கு பாகங்களில் தட்டினாலே வெடிப்பது பிரைமர்தான். கம்பெனிப் பெட்டியில் ஒவ்வொன்றும் தனித்தனிக் குழியில் படுத்திருக்கும். அழகுக்காக அப்படிச் செய்யவில்லை. ஒன்று வெடித்தால் மற்றவற்றுக்குப் பரவக் கூடாது என்பதற்காக. இடத்தை அடைக்கிறதே என்று மொத்தமாகக் கண்ணாடிப் பாட்டிலில் கொட்டிவைத்தால், ஒன்றின் வெடிப்பு எல்லாவற்றையும் ஒரேயடியாக வெடிக்கவைக்கும்.

பிரைமரைப் பொருத்தும்போது பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். உள்ளே போகாமல் முரண்டு பிடித்தால், பலம் கொடுத்து அழுத்தக் கூடாது. நிறுத்திவிட்டு என்ன தடை என்று பார்க்க வேண்டும். கீழே சிந்திய மருந்தை வாக்குவம் கிளீனரால் உறிஞ்சக் கூடாது. அதன் மோட்டாரில் பறக்கும் பொறி போதும். பிரஷ்ஷும் முறமும்தான் சரி.

7. இரும்புப் பெட்டி அல்ல, மரப்பெட்டி!

வெடிமருந்து என்றதும் கனமான இரும்புப் பெட்டியில் பூட்டிவைப்பதுதான் பத்திரம் என்று தோன்றும். உண்மை நேர்மாறானது. இந்த மருந்து திறந்த இடத்தில் தீப்பிடித்தால் சீறி எரியும். காற்றுப்புகாமல் இறுக அடைத்த இடத்தில் தீப்பிடித்தால்தான் அழுத்தம் ஏறி, பெட்டியே குண்டாகிவிடும்.

அமெரிக்காவின் தேசிய தீ பாதுகாப்புச் சங்கத்தின் விதிகள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. வீட்டில் 20 பவுண்டு வரை, அதாவது சுமார் 9 கிலோ வரை, கம்பெனி டப்பாவிலேயே வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் 50 பவுண்டு வரை என்றால், ஓர் அங்குலத் தடிமன் உள்ள மரப்பெட்டியிலோ மர அலமாரியிலோ வைக்க வேண்டும். வாட்டர் ஹீட்டர், அடுப்பு போன்றவற்றிலிருந்து தள்ளி, குழந்தைகளின் கைக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும்.

8. கை கழுவாமல் குழந்தையைத் தூக்காதே

சத்தமில்லாத ஆபத்து ஒன்றும் இருக்கிறது. அது ஈயம். பல குண்டுகளில் ஈயம் உண்டு. பிரைமரிலும் பெரும்பாலும் ஈயச் சேர்மம் உண்டு. சுட்ட உறைகளைத் தூள் போட்டு உருட்டிச் சுத்தம்செய்யும்போது, ஈயம் கலந்த தூசி பறக்கும். சின்னக் குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் பாதிக்கும். அவர்களுக்கு ‘இவ்வளவு வரை பரவாயில்லை’ என்று சொல்லத்தக்க அளவே இல்லை என்பதுதான் மருத்துவர்களின் நிலை.

அதனால், உறைகளைச் சுத்தம்செய்வதையும் சலிப்பதையும் வீட்டுக்கு வெளியே வைத்துக்கொள்கிறார்கள். மேஜையில் காபி, ஸ்நாக்ஸ் எதுவும் கிடையாது. சமையலறை டேபிளில் இந்த வேலையைச் செய்வதே இல்லை. முடித்ததும் சோப்பு போட்டுக் கை கழுவி, சட்டை மாற்றிய பிறகுதான் பேரன் பேத்தியைத் தூக்குவது.

9. லேபிள் எழுது... உனக்காக மட்டுமல்ல!

முடிந்த தோட்டாக்களைப் பெட்டியில் அடுக்கி, தேதி, ரைஃபிள் ரகம், மருந்தின் பெயர், அளவு, குண்டின் எடை எல்லாவற்றையும் எழுதி ஒட்டுவார்கள். நோட்டுப் புத்தகத்திலும் ஒரு பதிவு இருக்கும். ஒருவேளை தராசில் கோளாறு என்று பிறகு தெரியவந்தால், அன்றைக்குச் செய்த பெட்டியை மட்டும் தனியாக எடுத்துப் பிரித்துவிடலாம்.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. தாத்தா ஒருநாள் இல்லாமல் போவார். அப்போது கராஜைத் திறந்து பார்க்கும் பிள்ளைகளுக்கு, பெயர் எழுதாத டப்பாக்களும் விவரம் இல்லாத தோட்டாப் பெட்டிகளும் கிடைத்தால் என்ன செய்வார்கள்? ‘அப்பா கையால செஞ்சது’ என்று ஆசையாக ஒன்றைப் போட்டுச் சுட்டுப்பார்க்கத் தோன்றும். அது ஆபத்து. யார் நிரப்பியது, எப்படி நிரப்பியது என்று தெரியாத தோட்டாவைச் சுடவே கூடாது என்பது அங்கே அனைவரும் ஒப்புக்கொண்ட விதி. எத்தனை நெருங்கிய நண்பர் கொடுத்தாலும் இதுதான் பதில்.

10. சத்தம் குறைந்தால் நிறுத்து

இத்தனைக்குப் பிறகும் தவறு நடக்கலாம். சுடும்போது வழக்கமான ‘டமார்’ சத்தத்துக்குப் பதில் ‘டொப்’ என்று மந்தமாகக் கேட்டாலோ, தோளில் உதை குறைவாகத் தெரிந்தாலோ, உடனே நிறுத்த வேண்டும். ரைஃபிளைக் காலி செய்து, குழல் அடைபட்டிருக்கிறதா என்று பார்க்காமல் அடுத்த தோட்டாவைப் போடக் கூடாது. விசையை இழுத்தும் வெடிக்கவில்லை என்றால், ரைஃபிளை இலக்கை நோக்கியே பிடித்தபடி, குறைந்தது 30 வினாடிகள் காத்திருக்க வேண்டும். சில தோட்டாக்கள் தாமதமாக வெடிக்கும்.

தாத்தா என்ன செய்தார்?

மறுபடி மொன்டானாவுக்கே போவோம். போனை வைத்துவிட்டு வந்த தாத்தா, 23-வது உறையை உற்று உற்றுப் பார்க்கவில்லை. ‘கடைசியாக எதில் கொட்டினோம்’ என்று யோசிக்கவும் இல்லை. பலகையிலிருந்த உறைகளை ஒவ்வொன்றாக எடுத்து, அத்தனை மருந்தையும் டப்பாவிலேயே திருப்பிக் கொட்டினார். மேஜையில் ஒரே டப்பாதான் இருந்ததால் எதில் கொட்டுவது என்ற குழப்பம் இல்லை. தராசில் படிக்கல்லை வைத்து இன்னொரு முறை சரிபார்த்துவிட்டு, முதல் உறையிலிருந்து ஆரம்பித்தார்.

நஷ்டம், அரை மணி நேரம். இத்தனை வருஷ அனுபவம் உள்ளவருக்கு இது தேவையா என்று கேட்கலாம். அனுபவம் உள்ளவர் என்பதால்தான் அப்படிச் செய்கிறார். தனக்கும் மறதி வரும் என்பது அவருக்குத் தெரியும். புதிதாகக் கற்றுக்கொள்பவருக்கு இயல்பாகவே பயம் இருக்கும். ஆயிரம் முறை செய்து, கை தானாக ஓட ஆரம்பித்த பிறகுதான் மனசு வேறெங்காவது போகும்.

நம் வீடுகளில் யாரும் தோட்டா நிரப்பப்போவதில்லை. ஆனால், ‘காலையில பிரஷர் மாத்திரை போட்டேனா, இல்லையா?’ என்று அப்பா யோசித்துக்கொண்டு நிற்பதை எத்தனை வீடுகளில் பார்க்கிறோம்! ‘போடலைன்னுதான் நினைக்கிறேன்’ என்று இன்னொன்றை விழுங்குவதற்குப் பதில், கிழமை போட்ட மாத்திரைப் பெட்டி ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டால் போதும். பெட்டியின் குழி காலியாக இருந்தால் போட்டாயிற்று. ஃபினாயிலைப் பழைய ஜூஸ் பாட்டிலில் ஊற்றிவைக்கும் பழக்கம் இருந்தால், அதையும் இன்றைக்கே நிறுத்திவிடலாம்.